ஆபத்தும் அறிவிப்பும்

மலைச்சரிவிற் பிறந்து வளர்ந்தோர்க்குக் கடற்செய்தி எதற்கு என்று வினவுவோர் உளர். போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலையும் மழையின் அளவும் பேசப்படும் திண்ணைகளிற் பாய்மரக் கலத்தின் பேச்சு எழுவதில்லை. கடலை ஒருமுறையேனும் காணாது மூத்து மறைந்தோர் எமது ஊரிற் பலர். ஆயினும் விடியற்பொழுதிற் கொழுக்குமலையின் உச்சியில் நின்று, கீழே பள்ளத்தாக்கு முழுதும் வெண்மேகம் பரந்து கிடப்பதைக் காண்போர் அதனைக் கடலுக்கே ஒப்பிடுவர். அவ்வொப்புமை வெறுந் தோற்றத்தோடு நிற்பதன்று. கூவினாற் கேட்பாரின்றி, காற்றின் போக்கிற்கு உட்பட்டு, மனிதன் தனித்து நிற்கும் இடங்கள் இரண்டுமே. 2018-ஆம் ஆண்டில், ஆறு மாத இடைவெளியில், எமது மலையில் ஒரு பெருந்துயரும், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஓர் அரிய மீட்பும் நிகழ்ந்தன. அவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணியதனால் விளைந்தது இக்கட்டுரை.

முதலிற் கடலைக் கூறுவேன். அபிலாஷ் டோமி கேரள நாட்டினர். இந்தியக் கடற்படையிற் கமாண்டராயிருந்தவர். 2012 நவம்பரில் ‘மாதேயி’ என்னும் பாய்மரக் கலத்தில் மும்பையினின்று தன்னந்தனியராய்ப் புறப்பட்டு, எத்துறையிலும் தங்காது உலகைச் சுற்றி, 2013 மார்ச்சு இறுதியில் மும்பைக்கே மீண்டார். இந்தியருள் அங்ஙனம் செய்தவர் அவருக்கு முன் ஒருவருமிலர். பின்னர் 2018 ஜூலை முதல் நாள், பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையினின்று தொடங்கிய கோல்டன் குளோப் என்னும் உலகப் பந்தயத்தில் அவரும் கலந்துகொண்டார்.

அப்பந்தயத்தின் வரலாறு சுவையுடையது. 1968-இல் அது முதன்முதல் நடைபெற்றபோது புறப்பட்டோர் ஒன்பதின்மர். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் ஒருவரே. அவர் ஏறிச் சென்ற ‘சுஹைலி’ 32 அடி நீளமுள்ள சிறுகலம். பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்றது. உலகத்தைத் தனித்து இடைநில்லாது சுற்றிய முதற்கலம் நம் நாட்டுத் தச்சரின் கைவேலை என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி. ஐம்பது ஆண்டு கழித்து அதன் நினைவாக மீண்டும் நடத்தப்பெற்ற பந்தயத்திற்கு டோமி கொண்டு சென்ற ‘துரியா’ என்னும் கலமும் அச்சுஹைலியின் மாதிரியாகக் கோவாவிற் கட்டப்பெற்றதே. இப்பந்தயத்தின் விதி கடுமையானது. 1968-இல் மாலுமிகளுக்கு வாய்த்திருந்த கருவிகளைக்கொண்டே வழி காணல் வேண்டும். செக்ஸ்டன்ட் கொண்டு ஞாயிற்றையும் விண்மீனையும் அளந்து, காகிதப் படத்திற் கோடிட்டுச் செல்லல் வேண்டும். செயற்கைக்கோளைக்கொண்டு இடங்காட்டும் கருவி முத்திரையிட்ட பெட்டியுள் கிடக்கும். ஆபத்திலன்றி அதனை உடைத்தலாகாது. இவ்விதியை வாசகர் நினைவில் வைத்தல் நலம். பின்னர் இதற்கு மீள்வேன்.

செப்டம்பர் 21-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 1,900 கடல்மைல் தொலைவில், துரியாவைப் புயல் பற்றிற்று. காற்று மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. அலைகள் 14 மீட்டர் உயர்ந்தன. ஒரு தென்னையின் உயரத்திற்கு நீர் எழுந்து, எழுந்த நீர் முறிந்து விழுவதாக எண்ணிக்கொள்க. கலம் முழுதும் உருண்டு தலைகீழாகி மீண்டும் நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது பாய்மரங்கள் முறிந்து கிடந்தன. பாய்மரத்தினின்று கீழ்விழுந்த மாலுமியின் முதுகெலும்பு முறிந்திருந்தது. அவர் தவழ்ந்து உள்ளே சென்று படுக்கையில் விழுந்தார். அதன்பின் எழ இயலவில்லை. உண்டது தங்கவில்லை; பருகியதும் வாந்தியாய் வெளிப்பட்டது. ஆபத்துக் காலத்திற்கென்று கட்டி வைத்த பை ஒன்று கலத்திலேயே இருந்தது. அதனுள் செயற்கைக்கோள் தொலைபேசியும் இருந்தது. ஆயினும் சில அடித் தொலைவிலிருந்த அப்பையை எட்டிப் பிடிக்க அவராற் கூடவில்லை. கைக்கெட்டிய சிறு கருவியொன்றினாற் சில சொற்களே அமைந்த செய்திகளைத் தட்டி அனுப்பினார்: கலம் உருண்டது, மரம் முறிந்தது, முதுகில் கடுங்காயம், எழ இயலவில்லை என்பது அவற்றின் கருத்து. அபாயக் குறியைப் பரப்பும் கருவியையும் இயக்கினார். பின்னர்ச் செய்தற்குரியது படுத்திருத்தலேயன்றி வேறில்லை.

கடலின் எப்பகுதியில் எவர் ஆபத்துற்றாலும் அவரைத் தேடும் கடமை எத்தேசத்தது என்பது 1979-இல் ஏற்பட்ட ஓர் உலக உடன்படிக்கையினால் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. டோமி கிடந்த இடம் ஆஸ்திரேலியாவின் பொறுப்பிலுள்ளது. ஆகவே கான்பராவிலுள்ள நிலையம் தேடுதலை நடத்திற்று. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீசியசினின்று பறந்து சென்று, முறிந்த மரத்தோடு மிதந்த கலத்தைக் கண்டது. ஆஸ்திரேலிய விமானமும் பறந்தது. மீன்பிடிக் காவலுக்கென அக்கடலிற் சுற்றிவந்த ‘ஓசிரிஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் 24-ஆம் நாள் அவ்விடத்தை அடைந்து, சிறுபடகிறக்கி, அவரைத் தூக்குக்கட்டிலிற் கிடத்தி ஏற்றிச் சென்று, ஆம்ஸ்டர்டாம் தீவிலுள்ள சிறு மருத்துவசாலையிற் சேர்த்தது. அங்கிருந்து இந்தியப் போர்க்கப்பலான ‘சாத்பூரா’ அவரைத் தாய்நாட்டிற்குக் கொணர்ந்தது. அதே புயலில் தமது கலத்தின் மரங்களையும் இழந்த கிரகோர் மக்கக்கின் என்னும் ஐரிஷ்காரர், எஞ்சிய கழியையும் துணியையும் கொண்டு ஒரு பாய் கட்டி, தாம் தப்பும் வழியை நாடாது டோமி கிடந்த திசையை நோக்கித் திரும்பியதையும் இங்குக் குறித்தல் வேண்டும். அவரையும் ஓசிரிசே ஏற்றிக்கொண்டது.

இச்செய்தி வெளியானபோது நம் நாட்டுப் பத்திரிகைகள் மாலுமியின் மனவுறுதியை வானளாவப் புகழ்ந்தன. அப்புகழ்ச்சி தகும். முதுகெலும்பில் உலோகக் கம்பி பொருத்தப்பெற்ற அம்மனிதர், மீண்டும் நடக்கப் பயின்று, 2022-இல் அதே பந்தயத்திற் கலந்து, 2023 ஏப்ரலில் இரண்டாமவராய் முடித்தார் என்றால், அவருடைய உறுதியை ஐயுறுவார் எவர்? ஆயினும் அந்த மூன்று நாட்களில் அவரை உயிரோடு வைத்தது அவ்வுறுதியே என்று கூறுதல் எனக்கு உடன்பாடன்று. உறுதியுடையோர் எத்தனையோ பேர் கடலில் மாண்டனர். எழ இயலாது கிடந்தவரைக் காத்தவை, மூழ்காது மிதந்த ஒரு மரக்கலமும், அவர் இருக்குமிடத்தை அறிவித்த ஒரு குறியும், அக்குறியைக் கேட்டவுடன் செல்லுதல் தம் கடமையென்று முன்னரே ஏற்றிருந்த மனிதருமே. துணிவு அவருடையது, ஏற்பாடு பிறருடையது. நாம் முன்னதற்கே மாலையிட்டுப் பின்னதை மறந்துவிடுகிறோம்.

கலத்தை விட்டு நீங்காமை பற்றியும் ஒரு சொல். 1979 ஆகஸ்டில், இங்கிலாந்திற்கும் அயர்லாந்திற்கும் இடைப்பட்ட கடலில் நடந்த பாஸ்ட்நெட் பந்தயத்திற் 303 கலங்கள் சென்றன. புயலில் அவற்றைச் சேர்ந்த 15 பேர் மாண்டனர். அஞ்சியோர் கைவிட்ட கலங்கள் 24. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. ஏனைய 19-உம் ஆளின்றி மிதந்தபடியே பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. கைவிட்டுச் சென்ற சிலரோ தாம் நம்பி ஏறிய மிதவையோடு அழிந்தனர். கால்வைத்து ஏறுமளவிற்குத் தன் கலம் தாழ்ந்தாலன்றி மிதவைக்கு மாறலாகாது என்று மாலுமிகள் தம்முட் சொல்லிக்கொள்வது இத்தகைய அனுபவத்தினாலேயாம்.

நிற்க. இனி எமது மலைக்கு வருவோம்.

2018 மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை முதலிய நகரங்களினின்று வந்த இளைஞரும் மகளிருமாக முப்பதுக்கு மேற்பட்டோர், குரங்கணியினின்று கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்தனர். மாசி மாதத்தில் எமது சரிவுகளிற் புல் எவ்வாறிருக்கும் என்பதை மலையடிவாரத்தார் அறிவர். இடுப்பளவு உயர்ந்து சுக்காய்க் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்து நிற்கும். பிற்பகலிற் காற்று மலைமேல் ஏறும். தீயும் அதனோடு ஏறும். சமநிலத்தில் நடக்கும் தீ, மேட்டில் ஓடும். அத்தீ அவர்களைச் சூழ்ந்தது. கூட்டம் சிதறிற்று. ஓடியோர் சிலர் பள்ளத்தில் வீழ்ந்தனர். புகையில் வழி தெரியாது நின்றோர் கருகினர். அன்றும் பின்னர் மருத்துவசாலைகளிலுமாக உயிரிழந்தோர் இருபதுக்கு மேற்பட்டவர். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று வனத்துறை பின்னர்த் தெரிவித்தது.

அந்த இளைஞரைக் குறைகூற எனக்கு மனமில்லை. மலையை விரும்பி வந்தது குற்றமன்று. கடலிற் கலத்தை விட்டு நீங்காதே என்பதற்கு ஒத்ததாக மலைத்தீக்கும் ஓர் அறிவு உண்டு. புல்லற்ற பாறையும், முன்னரே எரிந்து முடிந்த கரிநிலமுமே அங்குக் கலம். எரியாத புற்சரிவில் மேல்நோக்கி ஓடுதல் கலத்தை விட்டுக் குதித்தலோடு ஒக்கும். இதனை அவர்களுக்கு முன்னரே சொல்லி அழைத்துச் செல்லத்தக்கார் கொட்டகுடியிலும் குரங்கணியிலும் இருந்தனர். அவ்வூராரே அன்று முதலில் மேலேறினர். விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன, படைவீரரும் வந்தனர், ஆனால் இருட்டிற் கைவிளக்கோடு சென்று, போர்வையிலும் கழியிலும் காயமுற்றோரைக் கட்டிச் சுமந்து இறக்கியவர்களில் அவ்வூர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். மரம் முறிந்த கலத்தைத் திருப்பிய ஐரிஷ்காரருக்கு அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். அவர்களுடைய பெயரை எப்பத்திரிகையும் பெரிய எழுத்தில் அச்சிட்டதாக எனக்கு நினைவில்லை.

இங்கு ஓர் எதிர்ப்பு எழும். கருவிகளை நம்பப் பழகினால் இளைஞரின் வீரம் குன்றும், மலையேறுவோன் தன் கண்ணையும் காலையுமே நம்புதல் வேண்டும் என்று பெரியோர் சிலர் என்னிடம் கூறியதுண்டு. அவர்கட்கு விடையாகவே முன்னர்க் குறித்த பந்தய விதிக்கு மீள்கிறேன். வழி காண்பதற்குச் செயற்கைக்கோளை விலக்கிய அப்பந்தயம், ஆபத்தை அறிவிப்பதற்கு அதனை வற்புறுத்திற்று. அபாயக் குறிக் கருவியும், இருக்குமிடத்தை இடைவிடாது தெரிவிக்கும் கருவியும் இன்றி எவரும் புறப்படலாகாது. திறமையைச் சோதிப்பது வேறு, உயிரைச் சோதிப்பது வேறு என்று அவ்விதி வகுத்தோர் தெளிந்திருந்தனர். நம்மிடத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. வழி காண்பதற்கெல்லாம் கைப்பேசியை நோக்குகிறோம். அக்கைப்பேசி ஊமையாகும் சரிவில் ஆபத்து வந்தால் அறிவிப்பதற்கு ஒன்றும் வைத்திலோம்.

தீயின்பின் தடையும், பின்னர் ஒழுங்குவிதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு மலைநடைக்கென 40 வழிகளை வகுத்து, முன்பதிவும் பயிற்சிபெற்ற வழிகாட்டியும் ஏற்படுத்திற்று. இதனை மனமார வரவேற்கிறேன். தடை ஒன்றே போதும் என்றிருந்தால், நாளடைவில் மலையை அறியாத தலைமுறை தோன்றும். தடையைக் களவாய் மீறுவோர் ஒருவரிடமும் சொல்லாமற் செல்வர்.

ஆயினும் இன்பத்திற்காக மலையேறுவோர்க்குச் செய்த இவ்வேற்பாடு, வயிற்றிற்காக ஏறுவோர்க்கு எங்கே? நாள்தோறும் விடியுமுன் போடியினின்றும் அயலூர்களினின்றும் ஜீப்புகள் புறப்படுகின்றன. முந்தலைத் தாண்டி, பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு வழியே பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய இடங்களிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஆண்களையும் பெண்களையும் அவை கொண்டு செல்கின்றன. பலகையிலும் படியிலும் நெருக்கிக்கொண்டு, சோற்றுவாளியை மடியில் வைத்துச் செல்லும் அவர்கள் காயெடுத்துக் கவ்வாத்துச் செய்து மாலையில் மீள்வர். மழைக்காலத்து மண்சரிவு, மரம் விழுதல், மூடுபனி, யானை, பாம்பு யாவும் அவர்களுக்கு அன்றாடம். எந்த ஜீப்பில் எத்தனை பேர் எத்தோட்டத்திற்குச் சென்றனர் என்பது ஒழுங்காகக் குறிக்கப்பட்டு, மீளாதபோது தேடப்படுகிறதா? தென்கடலில் ஒருவர் கிடந்த இடம் சில நிமிடத்தில் மூன்று தேசங்களுக்குத் தெரிந்தது. எமது கண்ணெதிரே தெரியும் சரிவில் ஒருவர் விழுந்தால், அவருடைய மனைவி விளக்கேற்றிய பின்னரே ‘இன்னும் வரவில்லையே’ என்று தெருவிற்கு வருகிறாள்.

இது மிகைக்கூற்று என்பார் பெட்டிமுடியை எண்ணிப் பார்க்க. மூணாற்றிற்கு வடக்கே, இதே மலைத்தொடரில், 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மலை சரிந்து தேயிலைத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. மாண்டோர் 70 பேர். பெரும்பாலார் தமிழ்நாட்டு வழியினர். பெருமழையால் மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையின், இரவில் நேர்ந்த இக்கேடு மறுநாட் காலையிலேதான் வெளியுலகிற்கு எட்டிற்று. செய்தி உடனே சென்றிருந்தால் மண்ணின்கீழ்ப் புதைந்தோர் யாவரும் பிழைத்திருப்பர் என்று நான் கூறவில்லை. காயத்தோடும் சேற்றோடும் எஞ்சியோர், அவ்விரவு முழுதும், தம் குரலைக் கேட்பார் ஒருவருமில்லை என்று அறிந்து கிடந்தனரே, அதனையே கூறுகிறேன். இம்மலைகளிற் பெருமழையின் கொடுமை புதிதன்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மூணாற்றினின்று டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில்பாதையையே அழித்துச் சென்றது. நூறாண்டிற்கு மேலாக அறிந்த ஆபத்திற்கு அறிவிப்பு மட்டும் ஏன் இன்னும் புதுமையாயிருக்கிறது?

எல்லைக்கோடு ஒரு காரணம். தொழிலாளி உறங்குவது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். மேலே விபத்து நேர்ந்தால் இடுக்கி மாவட்டத்தார் பொறுப்பு. வீட்டார் தேடி ஓடுவதோ தேனி மாவட்டத்து அலுவலகத்திற்கு. கடலைப் பங்கிட்டவர்கள், எவன் எவ்வூரானாயினும் தன் பங்கிற் கிடந்தால் தானே மீட்பது என்று ஒப்பினர். ஆஸ்திரேலியாவின் பொறுப்பிலுள்ள நீரிற் கிடந்த இந்தியனைப் பிரெஞ்சுக்காரர் தூக்கி வந்தபோது எவரும் எல்லை பேசவில்லை. இரண்டு மாவட்டங்கள் ஒரே சரிவிற்குச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்வது அதனினும் அரிய காரியமோ?

பெருஞ்செலவான எதனையும் நான் கேட்கவில்லை. தோட்டந்தோறும் மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பேசி ஒன்று. அது கங்காணியின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். டோமியின் பை கலத்திலிருந்தும் உதவாமற் போனதை மறக்கலாகாது. நான் சென்றிருந்த ஒரு தோட்டத்தில், முதலுதவிப் பெட்டி அழகாகச் சுவரில் மாட்டிப் பூட்டப்பட்டிருந்தது. சாவியோ கீழே ஊரிற் குடியிருந்த கணக்கரிடம் இருந்தது! குரங்கணியிலும் கொட்டகுடியிலும் போடிமெட்டிலும், அன்று போர்வையிற் சுமந்த அதே மக்களுக்குத் தூக்குக்கட்டிலும் கயிறும் விளக்கும் பயிற்சியும் தந்து, அவர்கள் செலவிடும் நாளுக்குக் கூலியும் தரல் வேண்டும். மாசி முதற்கொண்டு மழை விழும்வரை தீ எங்கே எழுகிறது என்று பார்த்திருக்க மேட்டில் ஆள் வேண்டும். நம் கலாசாலையிற் கற்றுத் தோட்டங்களில் அலுவல் பார்ப்போரும், வனத்துறையிலும் வருவாய்த்துறையிலும் பணிபுரிவோரும் இவ்விதழை வாசிப்பர் என்பதனாலேயே இவற்றை இங்கு விரித்தெழுதுகிறேன்.

எல்லாவற்றிற்கும் முதலாக, முந்தலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். காலையில் ஏறும் ஜீப்பின் எண்ணும், ஆட்களின் தொகையும், தோட்டத்தின் பெயரும் அதிற் குறிக்கப்படல் வேண்டும். மாலையில் இறங்கியவுடன் அவ்வரி அடிக்கப்படல் வேண்டும். இரவு எட்டுமணிக்கு அடிக்கப்படாத வரி ஒன்றிருந்தால், வீட்டார் வந்து அழுமுன்னரே, மேலே வானொலியிற் கூப்பிட்டுக் கேட்பதற்கு அங்கே ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும்.